செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்கு லேமினேட் ஃப்ளோரிங் ஒத்துவருமா?

தேவகோட்டையில் அப்பத்தா காலத்து வீடு, முகப்பை ஒட்டிய ஆத்தங்குடிக் கல் (ஆத்தங்குடியில் செய்கிற சிமெண்டுத் தரை ஓடு) பதித்த அறையை ஆபீஸாக மாற்றப் போகிறோம், பின்கட்டில் புதிதாகக் கட்டிய கான்கிரீட் மாடியில் படுக்கையறை, இரண்டுக்கும் லேமினேட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாடிக்குத் தாராளமாகப் போடுங்கள். கீழ் அறைக்கு வேண்டாம். காரைக்குடி வட்டாரத்தில் தரை வேலை எடுத்துச் செய்கிறவன் நான். லேமினேட்டும் போட்டுக் கொடுக்கிறேன். அதனால் அந்தப் பொருள் மேல் எனக்கு வெறுப்பு எதுவும் இல்லை. போடுகிற இடம்தான் பிரச்சினை.

லேமினேட் முழு மரம் இல்லை. மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த ஹெச்.டி.எஃப். பலகைதான் நடுவில். அதன்மேல் மர வரி அச்சடித்த காகிதம், அதற்கும் மேல் அலுமினியம் ஆக்சைடு கலந்த கெட்டியான பூச்சு. மேலே தண்ணீர் சிந்தினால் உடனே துடைத்துவிடலாம், ஒன்றும் ஆகாது. இணைப்புக்குள்ளும் அடிப்பக்கமும் போகிற ஈரம்தான் எமன். மரநார் ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்த பிறகும் பழையபடி படியாது. லேமினேட் போட்ட ஏதாவது ஒரு ஆபீஸில் தண்ணீர் கேன் வைக்கிற மூலையைப் பாருங்கள். இரண்டு பலகை சேருமிடத்தில் ஓரம் உதடு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். வெறுங்காலோடு நடந்தால் நகத்தில் தட்டும். அந்த விளிம்பில்தான் அச்சுக் காகிதம் முதலில் தேய்ந்து உள்ளே இருக்கிற பழுப்பு தெரியும்.

இப்போது உங்கள் கீழ் அறைக்கு வருகிறேன். நம் ஊர்ப் பழைய வீடுகளில் தளத்துக்கு அடியில் ஓதம் தடுக்கிற பாலித்தீன் அடுக்கெல்லாம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணின் ஈரம் மேலே ஏறும், தரை வழியாகவே காற்றோடு போய்விடும். லேமினேட்டுக்காக ஷீட்டும் ஃபோமும் விரித்து மூடினால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. கண்ணாடியில் படிந்த முகம் என்பதால்தான் அந்த வழவழப்பு. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்கப் பளபளப்பு கூடும். மூடிப்போட்டு ஈரம் தங்கினால் உப்புப் பூத்து நிறம் மங்கும்.

ஆணியும் பசையும் இல்லாமல் சும்மா கோத்துப் போடுவதுதானே, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். பலகையைக் கழற்றலாம், சரி. ஆனால் 12 மி.மீ. பலகையும் ஃபோமும் சேர்ந்தால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். கதவு தரையில் இடித்தால் அதன் அடியை இழைப்பார்கள். இழைத்த பர்மா தேக்கை யார் திரும்ப ஒட்டுவது?

வெயிலையும் நினைத்துப் பாருங்கள். லேமினேட் தரை 1970களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் பிறந்தது. குளிர் நாட்டில் காலுக்குச் சில்லென்று இல்லாமல் இருப்பது பெரிய வசதி. சித்திரை மதியத்தில் நமக்கு வேண்டியது நேர்மாறானது, அதை அந்தக் கல் ஏற்கெனவே கொடுக்கிறது. ஆபீஸ் நாற்காலி உருண்டு கல் கீறிவிடும் என்றுதானே பயம்? ரப்பர் சக்கரம் மாட்டுங்கள், அடியில் ஒரு விரிப்பு போடுங்கள். உடைந்த கல்லுக்கு மாற்று ஆத்தங்குடியிலேயே செய்து தருவார்கள்.

(யாராவது நடுவீட்டிலும் போடச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். விசேஷத்துக்கு நடுவீட்டுக் கோலம் போடுகிற இடம் அது. மாவுக் கரைசலும் கழுவுகிற தண்ணீரும் லேமினேட்டுக்கு ஆகாது.)

மாடி அறைக்கு 8 மி.மீ. போதும். பெட்டியில் ஏ.சி. என்று ஒரு எண் போட்டிருக்கும், குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தேய்மானம் தாங்கும் தரம் அது. படுக்கையறைக்கு ஏ.சி. 3, ஆள் நடமாட்டமுள்ள கடை, ஆபீஸுக்கு ஏ.சி. 4. வேலைக்கு முன்னால், இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட்டைத் தரையில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர்த்துளியோ கறுத்த தடமோ இருந்தால் தளம் இன்னும் காயவில்லை, பொறுத்திருங்கள். அப்புறம் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2 மீட்டருக்குள் 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரவிவிட்டுத்தான் போட வேண்டும், இல்லையென்றால் மிதிக்கிற இடமெல்லாம் சத்தம் வந்து, பலகைகளைக் கோக்கிற பூட்டு உடையும். சுவரோரம் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி கட்டாயம். பலகை விரிய இடம் இல்லாமல் போனால் நடுவில் கூடாரமாகக் கிளம்பிவிடும். அந்த இடைவெளியைச் சிமெண்ட் வைத்து அடைக்க விடாதீர்கள், சுவரடியில் வைக்கிற ஸ்கர்ட்டிங் பட்டை மறைத்துக்கொள்ளும்.

கரையான் மருந்து அடிக்காமல் தொடங்க வேண்டாம், மரநார் அதற்கும் தீனிதான். குளியலறை வாசலை ஒட்டி மட்டும் லேமினேட் இல்லாமல் டைல்ஸாகவே விட்டுவிட்டு, இரண்டும் சேருமிடத்தில் இணைப்புப் பட்டை வைத்து முடிக்கச் சொல்லுங்கள். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் படுக்கைவசமாகப் போட்டு வையுங்கள், பிறகு அதே டிசைன் கிடைப்பது சிரமம்.