பினாங்கைச் சுத்திக் கடல், தினம் ரெண்டு தடவ தண்ணி ஏறி இறங்குது, அப்புறம் ஏன் அதுல கரண்ட் எடுக்கல?

கேட்ட தம்பி பாலிடெக்னிக்ல படிக்கிறாராம், இதையே ஃபைனல் இயர் புராஜெக்டா எடுக்கலாமா, மலேசியாவுல ஏன் யாரும் இதைத் தொடலன்னு கேட்டிருக்காரு. நான் பிறையில ஒரு ஃபேக்டரியில எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ், லீவு நாள்ல தூண்டில எடுத்துக்கிட்டு கடலோரம் கிளம்பிடுவேன், அதனால இந்த விஷயம் ரெண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். நேரா சொல்றேன் தம்பி, எடுக்க முடியும், ஆனா நம்ம பினாங்குக் கடல்ல அது கட்டுப்படியாகாது.

முதல்ல அலை வேற, ஓதம் வேற. அலை காத்து கிளப்புறது, ஓதம் நிலாவும் சூரியனும் இழுக்கிறதால வர்றது, நாம ஆயர் பாசாங், ஆயர் சூருட்னு சொல்றது இதத்தான். நமக்கு எதுக்க சுமத்ரா மறைச்சு நிக்கிறதால பெரிய அலையும் கிடையாது, அத விட்டுடலாம்.

ஓதத்தோட பெரிய பலம் என்னன்னா அது சொன்ன நேரத்துக்கு வரும். ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால ஒவ்வொரு நாளும் 50 நிமிஷம் மாதிரி தள்ளித் தள்ளிப் போகும், அமாவாசை பௌர்ணமிய ஒட்டி அதிகமா ஏறும், நடுவுல அடங்கும். வர்ற வருஷம் தீபாவளி அன்னிக்கு எத்தன மணிக்குத் தண்ணி ஏறும்னு இப்பவே கணக்குப் போட்டு அட்டவணையில அச்சடிச்சிடலாம். சோலாருக்கு மேகம் வந்தா போச்சு, காத்தாடிக்குக் காத்து நின்னா போச்சு, இதுக்கு அந்தப் பயம் இல்ல. அதனாலதான் எனக்கு இது மேல அவ்ளோ பிரியம்.

ஆனா பிரியத்த வச்சு டர்பைன் சுத்தாது, உயரம் வேணும். தண்ணி நல்லா இறங்கின நேரமா பார்த்து வெல்ட் கீ ஜெட்டி வீடுங்களுக்குக் கீழ போய் ஒரு தடவ பாருங்க. மரத்தூண், சிமெண்ட் தூண் எல்லாத்துலயும் ஒரே மட்டத்துல ஒரு கறுப்புக் கோடு இருக்கும், அதுக்குக் கீழ பச்சப் பாசியும், கையை வச்சா கீறி ரத்தம் வர வைக்கிற சிப்பியும் அப்பிக்கிட்டு இருக்கும். அந்தக் கோட்டுல இருந்து கீழ தண்ணி நிக்கிற இடம் வரைக்கும் பார்த்தா ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல, சுமார் 2 மீட்டர். நம்ம கிட்ட இருக்கிற முதல் மொத்தமே அவ்ளோதான், அதுவும் பௌர்ணமி அமாவாசைப் பக்கம்.

இப்ப கணக்கு. ஓதத் தண்ணிய அணை கட்டிப் பிடிச்சு வச்சா அதுல இருக்கிற சக்தி உயரத்தோட ஸ்குயர்ல போகும். 1 சதுர கிலோமீட்டர் கடல வளைச்சுக் கட்டி 2 மீட்டர் தண்ணிய இறக்கினா ஒரு இறக்கத்துக்கு சுமார் 5,600 யூனிட் இருக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் பிடிச்சா ஒரு நாளைக்கு 22,000 மாதிரி, அது பேப்பர்ல. டர்பைன்ல போறது, தண்ணி மட்டம் மாறிக்கிட்டே இருக்கிறதால வீணாகிறது எல்லாம் கழிச்சு மூணுல ஒரு பங்கு கையில நின்னா 7,000 யூனிட், அதுவும் தினமும் இந்த 2 மீட்டர் கிடைக்கும்னு தாராளமா வச்சு. வீட்டுக்கு மாசம் 400 யூனிட்னா 500 வீடு சொச்சம், அதுக்கு 1 சதுர கிலோமீட்டர் கடல அடைக்கணும். அதே பரப்புல சோலார் பேனல் போட்டா நம்ம ஊரு வெயிலுக்கு, மழை மேகம் எல்லாம் சேர்த்துமே, ஒரு நாளைக்கு 350,000 யூனிட் பக்கம் வரும். அம்பது மடங்கு தம்பி. இந்த ஒரு கணக்கப் போட்டுப் பார்த்தாலே பாதி சந்தேகம் தீர்ந்திடும்.

அப்ப வெளிநாட்டுல எப்படி ஓடுதுன்னா, அங்க உயரம் இருக்கு. பிரான்ஸ்ல லா ரான்ஸ் ஆத்து முகத்துவாரத்துல 1966-ல திறந்தது இன்னிக்கும் ஓடுது, 24 டர்பைன், 240 மெகாவாட், அங்க ஓதம் சராசரியாவே 8 மீட்டர். நம்மளோட நாலு மடங்கு உயரம், ஸ்குயர் பண்ணா பதினாறு மடங்கு சக்தி. தென் கொரியாவுல சிஹ்வா 254 மெகாவாட், 2011-ல ஆரம்பிச்சாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். ஏன்னா அங்க கரண்டுக்காகன்னு கடல அடைக்கல, 1994-லயே வேற காரணத்துக்குக் கடல்சுவர் கட்டி முடிச்சிருந்தாங்க, உள்ள அடைபட்ட தண்ணி ஃபேக்டரிக் கழிவு சேர்ந்து நாறிப்போச்சு, அதத் திரும்பக் கடலோட சேர்த்து விடறப்ப அந்த வழியிலயே டர்பைன வச்சிட்டாங்க, தண்ணியும் தெளிஞ்சது கரண்டும் கிடைச்சது. கனடாவுல அனாபொலிஸ் ராயல்னு 20 மெகாவாட் நிலையம் 1984-ல இருந்து ஓடினது, மீன் சாவுது மெஷினும் பழுதுன்னு 2019-ல நிறுத்திட்டாங்க. பிரிட்டன்ல சுவான்சி வளைகுடாவுக்குப் போட்ட 320 மெகாவாட் திட்டத்த 2018-ல கவர்மெண்ட்டே செலவு கட்டாதுன்னு தள்ளிடுச்சு.

அணை இல்லாம, ஓடுற நீரோட்டத்துலயே காத்தாடி மாதிரி டர்பைன முக்கி வைக்கிற வழியும் இருக்கு. ஸ்காட்லாந்துல மேஜென்னு ஒரு இடத்துல 1.5 மெகாவாட் டர்பைன் நாலு கடலடியில வச்சிருக்காங்க. ஆனா இங்க கணக்கு இன்னும் மோசம், சக்தி வேகத்தோட கியூப்ல போகும். நொடிக்கு 1 மீட்டர் ஓடுற தண்ணியில ஒரு சதுர மீட்டருக்கு 500 வாட்தான் இருக்கு, 3 மீட்டர் ஓடினா 13,800 வாட். நம்ம கடல் அந்த வேகத்துக்குப் பக்கத்துலயே வராது, பட்டர்வொர்த் ஃபெரியில போறப்ப தண்ணியப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் என் தொழில்ல இருந்து ஒன்னு. உப்புத் தண்ணிக்குள்ள சுத்துற எந்த மெஷினும் சும்மா இருக்க விடாது, நான் மேல சொன்ன சிப்பி பிளேடுலயும் ஒட்டும், சீல் போகும், துரு ஏறும், ஒரு பேரிங் மாத்தணும்னாலும் கப்பல் கூட்டிட்டு வந்து தூக்கணும், அதுவும் ஓதம் திரும்பற சமயத்துல தண்ணி கொஞ்ச நேரம் அடங்கி நிக்குமே, அந்த இடைவெளிக்குள்ள. தரையில அரை நாள்ல முடியற வேலைக்கு அங்க வாரக் கணக்குல காத்துக்கிடக்கணும்.

எல்லாத்துக்கும் மேல, இந்தக் கடல அடைக்கிறதுக்கு என் மனசு ஒப்பாது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவுல, முதல் பாலத்துக்குப் பக்கம், மிடல் பேங்க்னு ஒரு மேடு இருக்கு, தண்ணி வத்தினா கடல்புல்லு வெளிய தெரியும், நண்டும் மீன் குஞ்சும் அங்கதான் வளருது. அந்தப் பக்கம் குவாலா ஜூருவுல கேராங், அதாவது நாம சாப்பிடுற சிப்பி, சேத்துலதான் வளருது, ஓதம் வந்து போறதுதான் அந்தச் சேத்துக்கு உசிரு. லா ரான்ஸ்ல கட்டறப்ப மூணு வருஷம் ஆத்துவாய அடைச்சு வச்சதுல உள்ள இருந்த உயிரெல்லாம் செத்து, திரும்பி வர பத்து வருஷத்துக்குக் கிட்ட ஆச்சு. 500 வீட்டுக் கரண்டுக்காக நாம அதச் செய்யக் கூடாது.

மலேசியாவுல ஏன் யாரும் தொடலன்னா காரணம் இதுதான். 2011 புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்துல கூடுதல் விலை குடுத்து வாங்குறதுக்குப் போட்ட பட்டியல்லயே சோலார், பயோமாஸ், பயோகேஸ், சின்ன நீர்மின் நிலையம்னுதான் இருந்துச்சு, ஓதம் இல்ல. போட்ட காசு திரும்பாத இடத்துல கம்பெனி எவனும் கால் வைக்க மாட்டான்.

புராஜெக்டுக்குக் கண்டிப்பா எடுங்க தம்பி, ஆனா ஊருக்கே கரண்டுன்னு ஆரம்பிக்காதீங்க. ஒரு ஜெட்டி விளக்கு, இல்லன்னா தண்ணி மட்டம் அளக்கிற சென்சார், இந்த மாதிரி பத்து இருபது வாட்ல ஓடுற பொருளுக்குச் சின்ன டர்பைன் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பௌர்ணமியில இருந்து அடுத்த பௌர்ணமி வரைக்கும் ஒரே இடத்துல நீரோட்ட வேகத்த அளந்து எழுதிக்கிட்டு வாங்க, நில அளவை இலாகா, அதான் ஜூப்பேம், வெளியிடுற ஓத அட்டவணையோட அத ஒப்பிட்டுப் பாருங்க, அந்த டேட்டா டர்பைன விட மதிப்பு. லெக்சரர் பெரிய அளவுல யோசிக்கச் சொன்னாருன்னா கிள்ளான் துறைமுகத்த எடுத்துக்குங்க, அங்க சுமார் 4 மீட்டர் ஏறும், நம்மளோட நாலு மடங்கு சக்தி, அங்கயும் சோலார தாண்ட முடியுமான்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க.