எழும்பூர் லாட்ஜில் சொட்டு மருந்து போட்டது யார்?

கேள்வி: எனக்கு வயது 36. தரமணியில் வேலை. வேளச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து இரண்டு பெட்ரூம் வீடு எடுத்து நான்கு வருடமாக இருக்கிறோம். அக்ரிமென்ட் என் பெயரில். அட்டாச்டு பாத்ரூம் உள்ள அறை எனக்கு. அதற்காக இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகத் தருகிறேன். சேலத்துக்காரரான ரூம்மேட்டின் தம்பி ஒருமுறை குரூப் 4 எழுத வந்து பதினோரு நாள் டேரா போட்டான். அன்றைக்கே, யார் வீட்டு ஆளும் ராத்திரி தங்கக் கூடாது என்று மூவரும் பேசி முடிவு செய்தோம். இப்போது அவருடைய அம்மாவுக்கு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் ரேடியேஷன். மூன்று வாரம் இங்கே தங்க வைக்க வேண்டும் என்கிறார். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே? போன ஜூலையில் அப்பா கோவில்பட்டியிலிருந்து வலது கண் புரை ஆபரேஷனுக்கு வந்தபோது நான்கூட வீட்டுக்குக் கூட்டி வரவில்லை. எழும்பூரில் லாட்ஜ் போட்டு, ஆபீஸ் முடிந்து தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துக்கொண்டேன். பாத்திரம், கேன் தண்ணீர், இ.பி. பில் என்று எல்லாவற்றிலும் இவரோடு ஏற்கெனவே தகராறு. நட்பு கெடாமல் எப்படி மறுப்பது?

- வேளச்சேரி வாசகர்

பதில்: பாத்திரத் தகராறை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். மூன்று ஆண்கள் சேர்ந்திருக்கும் வீட்டில் சிங்க் காலியாக இருந்ததாக இதுவரை எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, முதல் நூறு யூனிட்டுக்குக் காசும் கிடையாது. மிச்சத்தை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். மறுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்லித்தர மாட்டேன்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது உங்கள் அப்பாவைப் பற்றிய அந்த இரண்டு வரியைத்தான். ஏதோ நல்ல காரியம் செய்ததற்குச் சான்றிதழ் நீட்டுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரி 1819-லிருந்து இருக்கிறது. புரை எடுப்பது அங்கே அன்றாட வேலை. அதனால் ஆபரேஷனைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அதற்கப்புறம்தான் வீட்டு ஆட்களுக்கு வேலை ஆரம்பிக்கிறது. கண்ணில் தண்ணீர் படக் கூடாது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கசக்கக் கூடாது. சொட்டு மருந்து ஒரு நாளைக்குப் பல தடவை, கையைக் கழுவிவிட்டு, கீழ் இமையை இழுத்துப் பிடித்துப் போட வேண்டும். வயதானவர் தனக்குத்தானே போட்டுக்கொண்டால் பாதி கன்னத்தில் வழியும். நீங்களோ சாயங்காலம்தான் போயிருக்கிறீர்கள். காலையிலும் மத்தியானமும் போட்டது யார் தம்பி? லாட்ஜ் பையனா? பதில் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். தெரியாவிட்டால் இன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் கேளுங்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. கோவில்பட்டிக்காரர் புரை எடுக்கச் சென்னைக்கு ஏன் வர வேண்டும்? மதுரை இரண்டு மணி நேரம். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு டாக்டர்களே வந்து பாடம் கேட்டுவிட்டுப் போகிற இடம். திருநெல்வேலி இன்னும் பக்கம், அங்கேயும் அரவிந்த் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வந்தார் என்றால், பையன் எங்கே படுக்கிறான், எந்தத் தட்டில் சாப்பிடுகிறான் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார். கண் ஒரு சாக்கு. நீங்கள் நான்கு வருடமாக இருக்கிற வீட்டின் வாசற்படியை மிதிக்காமலே ஊர் திரும்பியிருக்கிறார்.

அப்போது ரூம்மேட்டுகளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டு அவர்கள் மறுத்திருந்தால், இத்தனை குறை எழுதியவர் அதையும் எழுதியிருப்பீர்கள். கேட்கவே இல்லை. சேலத்துக்காரர் தன் அம்மாவுக்காக வாய் திறந்து கேட்டுவிட்டார். அந்த அம்மா உள்ளே வந்துவிட்டால், ஜூலையில் அப்பாவும் வந்திருக்கலாம் என்று ஆகிவிடும். அதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை. இதற்கு விதி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்த விதி பதினோரு நாள் டேரா போட்ட ஒரு பையனுக்காகப் பிறந்தது. நோயாளியை நினைத்து யாரும் போட்டதில்லை.

நானும் திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு வருடம் இருந்தவன். சொர்க்கம் ஒன்றும் இல்லை. மூட்டைப்பூச்சி, பாத்ரூம் வாசலில் வாளியோடு வரிசை, துவைத்துப் போட்ட பனியன் காணாமல் போவது எல்லாம் உண்டு. ஆனால் யாருடைய அப்பாவாவது ஊரிலிருந்து வந்தால் கட்டில் அவருக்கு, நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். மேனேஜர் முறைப்பார், அப்புறம் அவரே டீ சொல்லி அனுப்புவார். பெற்றவர்களுக்கு ஒரு ராத்திரி படுக்க இடமில்லாத வீட்டை நான் வீடு என்று ஒத்துக்கொள்வதில்லை. பழைய காலத்து ஆள் என்று திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இனி வேலையைப் பார்ப்போம். அக்ரிமென்ட் என் பெயரில் என்று அழுத்திச் சொல்கிறீர்களே, ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். மற்ற இருவருக்கும் நீங்கள் ஓனர் ஆகிவிடவில்லை. ஆகவே ஓனருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்கிற வேலை உங்களுடையது. பேச்சுலர் என்றாலே கேட்டைச் சாத்துகிற ஊர் இது. அந்த வீட்டில் ஓர் அம்மா மூன்று வாரம் இருக்கப் போகிறார் என்றால் மனுஷருக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

உங்கள் அறையை அந்த அம்மாவுக்குக் கொடுங்கள். ஆமாம், அட்டாச்டு பாத்ரூமோடு. ரேடியேஷன் என்பது, நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது, பெரும்பாலும் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் நடக்கும். மெஷினுக்கு அடியில் படுப்பது சில நிமிடம்தான். போய், காத்திருந்து, வெயிலில் திரும்புவதில்தான் உடம்பு விட்டுப்போகும். நாளாக நாளாக அசதியும் கூடும். ராத்திரி எழுந்து ஹாலைத் தாண்டி, மூன்று ஆண்கள் புழங்குகிற பாத்ரூமுக்கு அவர் போக வேண்டாம். வேளச்சேரியிலிருந்து அடையாறு பக்கம்தான். 1954-லிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தில் தங்க இடம் கிடைத்தால் போதும் என்பதுதான் பாதிப் பேரின் கவலை. நீங்கள் ஹாலில் பாய் போட்டுக்கொள்ளுங்கள். கூடுதலாகத் தருகிற இரண்டாயிரத்தை இந்த மாதம் சேலத்துக்காரர் தரட்டும், கணக்கு உங்களுக்கு முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

மூன்றாமவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள். அவரும் வாடகை கொடுக்கிறவர். மூன்று பேரும் உட்கார்ந்து, அம்மாவோடு துணைக்கு யார் போவது, காலையில் கஞ்சி யார் வைப்பது, எந்தத் தேதிவரை என்று பேசிவிடுங்கள். நலம் விசாரிக்க வருகிற சொந்தக்காரர்கள் சாயங்காலம் வந்து, காபி குடித்துவிட்டுக் கிளம்பட்டும். அவர்களிடம் உங்கள் விதியைத் தாராளமாகக் காட்டலாம்.

அப்புறம், வலது கண் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் புரை எடுப்பது வழக்கமில்லை. இடது கண்ணுக்கு எப்போது? போன் போட்டுக் கேளுங்கள். "இந்தத் தடவை மதுரையிலேயே பாத்துக்கிடுதேன்ப்பா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்பார். விடாதீர்கள். டிக்கெட்டை நீங்களே போடுங்கள். எழும்பூர் வரைக்கும் வர வேண்டாம்ப்பா, தாம்பரத்திலேயே இறங்கிருங்க, அங்கேயிருந்து நம்ம வீடு பக்கம்தான், நான் பிளாட்பாரத்திலேயே நிற்கிறேன் என்று சொல்லுங்கள்.