எலக்ட்ரானை இழந்த சோடியத்துக்கு ஏன் பிளஸ்?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சோடியம் ஒரு எலக்ட்ரானை இழந்தால் பிளஸ் ஒன்று ஆகும் என்று பாடத்தில் இருக்கிறது. இழந்தால் மைனஸ்தானே வரவேண்டும் என்கிறாள். நியூட்ரானை இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்று எனக்கும் குழப்பம். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி நிற்கும் இடம் இதுதான். எலக்ட்ரான் கூடினால் பிளஸ், குறைந்தால் மைனஸ் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். அயனியின் (எலக்ட்ரானை இழந்த அல்லது வாங்கிய அணுவின்) தலையில் போடும் அந்தக் குறி, கூட்டிக் கழித்தபின் எந்த மின்சுமை மிஞ்சுகிறது என்பதைச் சொல்கிறது.

சோடியத்தின் அணு எண் 11. உட்கருவில் 11 புரோட்டான்கள், ஒவ்வொன்றுக்கும் பிளஸ் ஒன்று. சுற்றிலும் 11 எலக்ட்ரான்கள், ஒவ்வொன்றுக்கும் மைனஸ் ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் அணுவின் மொத்த மின்சுமை பூஜ்ஜியம். இப்போது ஒரு எலக்ட்ரான் போய்விட்டது. மைனஸ் 10 ஆகக் குறைந்தது, பிளஸ் 11 அப்படியே இருக்கிறது. கையில் 11,000 ரூபாயும் அதே அளவு கடனும் இருக்கும் ஒருவருக்குக் கடனில் 1,000 தள்ளுபடியானால், அவர் கணக்கில் 1,000 மிஞ்சும் இல்லையா? அதேபோல்தான்.

ஆகவே புரோட்டான் எண்ணிக்கையிலிருந்து எலக்ட்ரான் எண்ணிக்கையைக் கழிக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது, மாறினால் குறி தலைகீழாகிவிடும். சோடியம் அயனிக்கு 11 கழித்தல் 10, பிளஸ் ஒன்று. குளோரின் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்; 17 கழித்தல் 18, மைனஸ் ஒன்று. நம் வீட்டு உப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை இந்த இரண்டு அயனிகள்தான். புரோட்டான் எலக்ட்ரானைவிட சுமார் 1,836 மடங்கு கனமானது என்று படித்த பிள்ளை, அதன் மின்சுமையும் பெரிதாக இருக்கும் என்று நினைக்கலாம். அளவில் இரண்டின் மின்சுமையும் ஒன்றுதான், குறி மட்டுமே வேறு.

சரி, நியூட்ரான்? மின்சுமைக் கணக்கில் அதற்கு இடமே இல்லை. குளோரினில் 18 நியூட்ரான் உள்ள அணுவும் உண்டு, 20 உள்ள அணுவும் உண்டு. அயனியானால் இரண்டுக்குமே மைனஸ் ஒன்றுதான். மின்சுமை இல்லாததால் மின்புலத்திலும் காந்தப்புலத்திலும் நியூட்ரான் வளையாது. அதனால்தான் 1897இல் எலக்ட்ரான் தெரியவந்த பிறகும், ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடிக்க 1932 வரை ஆனது.

தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் நிறை எண்ணால்தான், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கையால்தான். சோடியத்தின் நிறை எண் 23 என்று கொடுத்திருப்பார்கள். பிள்ளை அதிலிருந்து 10 எலக்ட்ரானைக் கழித்து 13 என்று எழுதிவிடும். 23இல் 11 புரோட்டான் போக 12 நியூட்ரான், அதற்கு மட்டும்தான் அந்த எண். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம்.

புரோட்டான் ஏன் வெளியே போவதில்லை என்றும் அவள் கேட்கக்கூடும். சோடியத்தின் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைப் பிரிக்க 5.14 எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) போதும். உட்கருவிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கப் பல மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். பிடுங்கினாலும் பிறகு அது சோடியமாக இருக்காது, நியான் ஆகிவிடும். சோடியம் அயனியாகும்போது கைமாறுவது எலக்ட்ரான் மட்டுமே. இரண்டாவது எலக்ட்ரானை எடுக்க 47.3 எலக்ட்ரான்வோல்ட் தேவை என்பதால்தான் சோடியம் பிளஸ் ஒன்றோடு நின்றுவிடுகிறது.

கடைசியாக இதைக் கொடுத்துப் பாருங்கள்: 26 புரோட்டான், 30 நியூட்ரான், 23 எலக்ட்ரான் உள்ள இரும்பின் மின்சுமை என்ன? 30ஐக் கண்டுகொள்ளாமல் பிளஸ் மூன்று என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.