கேள்வி – பதில்: போர்வை விரித்தால் அபராதம்

கேள்வி: வீடில்லாமல் இருப்பதே குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அப்படியிருக்க, அமெரிக்க நகரங்களில் தெருவில் உறங்குவோருக்கு அபராதமும் சிறையும் எப்படி விதிக்க முடிகிறது?

பதில்: ஒருவரை அவரது நிலைக்காகத் தண்டிக்க அந்நாட்டில் உண்மையிலேயே இடமில்லை. போதைக்கு அடிமையாக இருப்பதையே குற்றமாக்கிய கலிஃபோர்னியச் சட்டத்தை 1962-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. வேலையின்றித் திரிவோரைக் கைதுசெய்ய ஜாக்சன்வில் நகரம் வைத்திருந்த சட்டமும் தெளிவற்றது என்று 1972-இல் நீக்கப்பட்டது. ஆகவே இன்றைய நகரச் சட்டங்கள் ஆளைக் குறிப்பிடாமல் செயலைத் தடைசெய்கின்றன: நடைபாதையில் படுக்கக் கூடாது, பூங்காவில் தங்கக் கூடாது, காரில் இரவைக் கழிக்கக் கூடாது. வீடுள்ளவர் இவற்றைச் செய்ய வேண்டியதே இல்லை. வீடற்றவரோ இவற்றைச் செய்யாமல் ஓர் இரவைக்கூடக் கடக்க முடியாது.

ஆரெகன் மாநிலத்தில் ஏறத்தாழ 38,000 பேர் வாழும் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் இதற்குத் தெளிவான சான்று. உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்நகர விதிகளின்படி, பொது இடத்தில் தங்குவதற்காக ஒரு போர்வையை விரித்தாலே அது 'முகாமிடுதல்' ஆகிவிட்டது. அதற்கு அபராதம் 295 டாலர். கட்டத் தவறினால் 537 டாலருக்கும் மேல். மறுபடியும் பிடிபட்டவருக்குப் பூங்காவில் நுழையத் தடை விதிக்க முடிந்தது. அந்தத் தடையை மீறினால் அது அத்துமீறல் குற்றமாகி, 30 நாள் வரை சிறையும் 1,250 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமிருந்தது. குளிருக்குப் போர்த்திக்கொண்டவர் மூன்றே படிகளில் குற்றவாளியானார். கட்ட முடியாத அபராதம் கடனாகவும் குற்றப்பதிவாகவும் நின்றுவிட்டால், வாடகைக்கு வீடு தருபவரும் வேலை தருபவரும் முதலில் பார்ப்பது அதைத்தான். வீடின்மைக்குத் தரும் தண்டனை வீடின்மையையே நீட்டிக்கிறது என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

வீடற்றோர் தங்குமிடத்தில் படுக்கை கிடைக்காத ஒருவரை, வெளியில் உறங்கியதற்காகத் தண்டிப்பது, கொடிய தண்டனைகளைத் தடுக்கும் எட்டாவது அரசியலமைப்புத் திருத்தத்துக்கு முரண் என்று, பாய்சி நகர வழக்கில் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று கூறியிருந்தது. கிராண்ட்ஸ் பாஸ் விதிகளை எதிர்த்து வீடற்றவர்கள் தொடுத்த வழக்கில் 2024 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை ஏற்க மறுத்தது. விடுமுறையில் வந்த மலையேறிக்கும் போராட்டத்துக்காகக் கூடாரமிட்ட மாணவருக்கும் இச்சட்டம் ஒன்றுபோலவே பொருந்தும் என்பது நீதிபதி கோர்சச் எழுதிய தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. மாணவருக்குத் திரும்பிச் செல்ல அறை இருக்கிறதே என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் விடை இல்லை. உறக்கம் உடலின் தேவை, அது குற்றமாகாது என்று மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி சோட்டோமேயர் எழுதியதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

எனினும் இத்தீர்ப்பு தண்டிக்க அனுமதிக்கிறதே தவிர, தண்டித்தாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. மாநிலங்கள் தம் சட்டத்தால் கூடுதல் பாதுகாப்பு தரலாம். பொது இடத்தில் உட்கார்வது, படுப்பது, குளிரும் மழையும் படாமல் உடலைக் காத்துக்கொள்வது ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் உள்ளூர் விதிகள் வீடற்றவரின் நிலையையும் கருத்தில் கொண்டு நியாயமானவையாக இருக்க வேண்டும் என்று, அதே ஆரெகன் மாநிலம் 2021-இல் சட்டம் இயற்றியிருக்கிறது. அவ்விதிகளை எதிர்த்து வீடற்றவரே நீதிமன்றம் செல்லவும் அச்சட்டம் வழிசெய்கிறது.