தண்டு நீளும் சிப்பிக்காளான்: ஏசி வாங்கும் முன் ஒரு வார்த்தை

கேள்வி: ஈரோடு பக்கம் வீட்டு மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அடி சிமென்ட் ஷீட் அறையில் சிப்பிக்காளான் வளர்க்கிறேன். வைக்கோல் அடைத்து வித்துப் போட்ட 80 பைகள், அதாவது படுக்கைகள், தொங்குகின்றன. மாசி வரை நன்றாக வந்தது. பங்குனி பிறந்ததும் பகலில் அறை 34 டிகிரியைத் தொடுகிறது. அனல் வரக்கூடாது என்று ஜன்னலை அடைத்தேன். தண்டு மட்டும் விரல் நீளத்துக்கு நீண்டு, குடை பொத்தான் அளவிலேயே நிற்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டினால் மொட்டுகள் மஞ்சளாகிக் காய்கின்றன. ஒரு டன் ஏசி போட்டுவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வதில் இரண்டு நோய்கள் இருக்கின்றன: ஒன்று சூடு, இன்னொன்று காற்றுக் குறை. ஏசி சூட்டைத்தான் தொடும், காற்றுக் குறையை வளர்த்துவிடும்.

தண்டு நீண்டு குடை சிறுத்தால் அது காற்றுக் குறை. காளானும் நம்மைப் போலவே மூச்சு விடுகிறது. ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. வெளிக்காற்றில் இந்த வாயு 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கிறது. அறுவடை அறையில் அது 1,000 பிபிஎம்மைத் தாண்டாமல் இருந்தால்தான் குடை ஒழுங்காக விரியும். அடைத்த அறையில் 80 படுக்கைகள் மூச்சுவிட்டால் அந்த எல்லையைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அப்புறம் காளான் நல்ல காற்றைத் தேடித் தண்டை நீட்டிக்கொண்டே போகும்.

சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. அதோடு, ஏசிக் குழாயில் சொட்டுச் சொட்டாக வெளியே போகிறதே தண்ணீர், அது முழுக்க உங்கள் அறையின் ஈரப்பதம். சிப்பிக்காளானுக்கு 80 முதல் 90 சதவீத ஈரப்பதம் தேவை. நீங்கள் ஒரு பக்கம் தெளிக்க, ஏசி மறுபக்கம் உறிஞ்சும், மின்கட்டணம் உங்களுக்கு.

சரி, ஃபேன் ஓட்டியபோது ஏன் காய்ந்தது? ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். உயரம் ஒன்பது அடி என்று வைத்தால் உங்கள் அறை சுமார் 30 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று என்று அச்சிட்டிருப்பார்கள். அது 250 என்றால் ஏறக்குறைய ஏழே நிமிடத்தில் அறைக்காற்று முழுவதும் மாறிவிடும். மதியம் ஒரு மணி நேரம் ஓட்டினால், 38 டிகிரி வறண்ட காற்றை எட்டு முறை மொட்டுகளின் மேல் அடித்தது போலத்தான். ஃபேன் மேல் குற்றமில்லை, ஓட்டிய நேரம்தான் தவறு.

ஆகவே பகலில் அடக்கம், இரவில் தாராளம். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை மணிக்கு ஐந்து நிமிடம் போதும். டைமர் ஒன்று மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்த பிறகு, விடியும் வரை அரை மணிக்குப் பத்து நிமிடம் ஓடட்டும். சிமென்ட் ஷீட் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. கான்கிரீட் தளம் போட்ட அறை நடுராத்திரி வரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும்.

காற்று வரும் வழியையும் கவனியுங்கள். ஃபேன் ஒரு சுவரின் மேல்பகுதியில் இருந்தால், எதிர்ச்சுவரில் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நுழைவழி வேண்டும். கரியமில வாயு கனமானது, ஃபேனைக் கீழேதான் வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். காற்று ஓடும் அறையில் அது கலந்துதான் இருக்கும், கீழே படிந்து உட்கார்ந்துகொள்ளாது. நுழைவழியில் காளான் ஈ புகாத நெருக்கமான வலை அடியுங்கள். வலை காற்றைத் தடுக்கும் என்பதால், நுழைவழி ஃபேன் துளையைப் போல மூன்று மடங்காவது பெரிதாக இருக்கட்டும். அதன் வெளிப்பக்கம் இரட்டைச் சாக்கைத் தொங்கவிட்டு, மேலே சொட்டுநீர்க் குழாய் ஒன்றை ஓட்டிவிடுங்கள். சுவரெல்லாம் சாக்கு கட்டி நனைப்பவர்களைப் பார்க்கிறேன். காற்று சாக்குக்குள் புகுந்து வந்தால்தான் குளிரும். சும்மா தொங்கும் ஈரச்சாக்கில் புழுக்கம்தான் மிச்சம்.

இந்த ஈரச்சாக்கு வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் தண்ணீரால் காற்றை அதிகபட்சம் 24, 25 டிகிரி வரை இறக்கலாம். சாக்கு அவ்வளவு திறமை காட்டாது, 28க்கு வந்தாலே லாபம். உங்கள் ஊர் வறண்ட வெயிலுக்கு இது எடுபடும். இதையே சென்னையில் 34 டிகிரி, 65 சதவீதம் ஈரப்பதத்தில் செய்தால் எவ்வளவு நனைத்தாலும் 28க்குக் கீழே போகவே முடியாது. கடலோரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு என்மேல் கோபப்பட வேண்டாம்.

கூரைக்குத்தான் முதல் செலவு செய்ய வேண்டும் என்பேன். ஷீட்டின் மேல் சுண்ணாம்பு அடித்து, ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேயுங்கள். இடைவெளி முக்கியம், கீற்றை ஷீட் மேலேயே போட்டால் பாதிப் பலன்தான். உள்பக்கம் தெர்மாகோல் அடித்தால் இன்னும் நல்லது.

படுக்கைகளின் எண்ணிக்கையையும் குறையுங்கள். ஒவ்வொரு படுக்கையும் ஒரு சின்ன அடுப்பு. வைக்கோலில் காளானின் வெள்ளைப் பூசணம் பரவும்போது அதன் நடுப்பகுதி அறையைவிட இரண்டு, மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். வெயில் காலத்தில் உங்கள் அறைக்கு 50 போதும். வித்துப் போட்ட புதுப் படுக்கைகளைக் கீழ்த்தளத்தில் இருட்டான அறைக்கு மாற்றுங்கள். பரவும் கட்டத்தில் கரியமில வாயு பெரிய தொந்தரவில்லை, சூடுதான் எதிரி. சந்தேகமிருந்தால் ஒரு படுக்கையின் நடுவில் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 32, 33ஐத் தாண்டினால் படுக்கையைக் கெடுக்கும் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும்.

இதெல்லாம் செய்தும் பகலில் 30க்குக் கீழே இறங்கவில்லை என்றால் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். சித்திரையிலிருந்து பால்காளானுக்கு மாறிவிடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகத்துக்கு 30 முதல் 35 டிகிரிதான் பிடிக்கும். பூசணம் பரவிய பின் படுக்கையை வெட்டி, அவித்த மண்ணால் மூட வேண்டும் என்ற கூடுதல் வேலை இருக்கிறது. ஆனால் பறித்த பின் சிப்பியைவிட அதிக நாள் தாங்கும். காற்றோட்டம் அதற்கும் வேண்டும் என்பதால் இப்போது போடும் நுழைவழி வீணாகாது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. காலையில் அறைக்குள் போகும் முன் ஃபேனைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். சிப்பிக்காளான் குடையிலிருந்து உதிரும் வித்துத்தூள் சிலருக்கு இருமலையும் மூச்சுத்திணறலையும் கொண்டுவரும். குடையின் ஓரம் மேலே சுருளும் முன்பே பறித்துவிட்டால் தூளும் குறையும், எடையும் நிற்கும்.

இப்போது தண்டு நீண்டு நிற்பவற்றைப் பறித்து சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவை இனி விரியாது. படுக்கைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். காற்று சரியானால் அடுத்த மொட்டு ஒழுங்காக வரும்.