தைரோகுளோபுலின் அதிகம் என்றால் தைராய்டு கட்டி கேன்சர்தானா?

ஏற்காட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி, சேலத்தில் ஊசி குத்திப் பார்த்ததில் 'ஃபாலிகுலர் நியோபிளாசம்' (தைராய்டின் ஃபாலிக்கிள் செல்களில் வளர்ந்த கட்டி; நல்லதா கெட்டதா என்று இந்தப் பெயர் சொல்லாது) என்று வந்திருக்கிறது, ரத்தத்தில் தைரோகுளோபுலினும் அதிகம், கேன்சர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை வைத்துச் சொல்ல முடியாதுங்க. தைரோகுளோபுலின் நல்ல தைராய்டு செல்லும் சுரக்கிற புரதம்தான். சாதாரணக் கழலையிலும் எகிறும். சுரப்பியை முழுதாக எடுத்த பிறகுதான் அதற்கு மதிப்பு. உங்க ஊர்க் காப்பித் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: எல்லாச் செடியையும் பிடுங்கிய பிறகும் பழம் கிடைத்தால், எங்கோ ஒரு செடி மிச்சம் என்றுதானே அர்த்தம்? (ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் அந்த எண்ணும் ஏமாற்றும்.)

திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் அடையாளங்கள் வேறு: கேலக்டின்-3, எச்.பி.எம்.இ-1, சைட்டோகெரட்டின்-19. புற்றுநோயில் பெரும்பாலும் கூடும், ஆனால் தீங்கற்ற கட்டியிலும் சில சமயம் தலைகாட்டும். அதனால் இரண்டு மூன்றைச் சேர்த்தே பார்ப்பார்கள்.

தைராய்டு கேன்சரில் பாப்பில்லரி என்ற வகையில் ஏறக்குறைய பாதியில் பி-ராஃப் புரதம் மாறியிருக்கும். அதன் 600-ஆவது இடத்தில் வேலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலம். அந்த ஒரே மாற்றத்தில் 'பெருகு' என்ற சிக்னல் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

மெடுல்லரி என்ற இன்னொரு கேன்சர் வகைக்கு மட்டும் ரத்தத்தில் கால்சிடோனின் என்ற ஹார்மோன் முன்கூட்டியே நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

ஃபாலிகுலர் கட்டியில் கேள்வியே வேறு: செல்கள் கட்டியின் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கின்றனவா? துளைத்திருந்தால்தான் கேன்சர். ஊசியில் அது தெரியாது. அதனால்தான் பெரும்பாலும் கட்டி இருக்கும் பக்கத்துப் பாதிச் சுரப்பியை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.