மேற்கோள் எண் மட்டும் போதுமா?

கேள்வி: மக்கள்தொகை மரபியல் அறிஞர் மசாதோஷி நெயியின் செல்வாக்கை எச்-குறியீட்டால் அளந்துவிடலாமா?

பதில்: முடியாது. எச்-குறியீடு 50 என்றால், தலா 50 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 50 உள்ளன என்று பொருள். நருயா சைத்தோவுடன் நெயி 1987இல் எழுதிய 'அண்டை இணைப்பு' (உயிரினங்களின் பரிணாம உறவைக் கிளைவிடும் மரமாக வரையும் முறை) பற்றிய கட்டுரை பல்லாயிரம் மேற்கோள்களைப் பெற்றது; குறியீட்டில் அதுவும் ஒரே ஒரு கட்டுரையாகத்தான் சேரும்.

அந்த முறையின் அழகைப் பாருங்கள். உயிரினங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்று காட்டும் தொலைவு அட்டவணையில் மிக நெருங்கிய இணையைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதில்லை. எந்த இணையைச் சேர்த்தால் மரத்தின் மொத்தக் கிளைநீளம் மிகக் குறைவாகிறதோ அதைச் சேர்த்து, ஒரே கணுவாக்கி, மறுபடி கணக்கிட வேண்டும். ஒரு கிளை மட்டும் வேகமாக மாறியிருந்தால், வெறும் நெருக்கம் நம்மை ஏமாற்றிவிடும்.

மேற்கோள் எண்ணிக்கைக்காக நெயியின் கட்டுரைகளைத் தேடும்போது பெயரை முழுதாகக் கொடுங்கள். முதலெழுத்தோடு நின்றால் பிறர் கட்டுரைகளும் கலந்துவிடும். அவருடைய 1972ஆம் ஆண்டு மரபுத் தொலைவு (இரு உயிர்க்கூட்டங்களின் மரபு வேறுபாட்டு அளவு) வாய்பாட்டை 'நெயி தொலைவு' என்று சொல்லிவிட்டு மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் விட்டால், அந்தக் கடன் எந்த எண்ணிலும் ஏறாது.